ரெண்டு நாள் ஏற்காடு போனால் சரியாகிவிடுமா? ஆசிரியர்களின் பர்ன்அவுட் பற்றி ஓர் எளிய விளக்கம்

"இன்னும் ரெண்டு வாரம் பல்லைக் கடிச்சுக்கிட்டு ஓட்டிட்டா லீவு வந்துரும்." காலாண்டுத் தேர்வு நெருங்கும்போது சேலத்தில் எந்தப் பள்ளி ஸ்டாஃப் ரூமிலும் காதில் விழும் பேச்சு இது. லீவும் வரும். குடும்பத்தோடு ஏற்காடு, படகுத்துறையில் ஒரு மணி நேரம், பகோடா பாயிண்ட், இருட்டுவதற்குள் மலையிறங்கி வீடு. பள்ளி திறந்த முதல் வாரம் முகத்தில் ஒரு தெளிச்சி தெரியும். அப்புறம் அதே தலைவலி, அதே எரிச்சல். விடுமுறையின் பலன் எத்தனை நாள் நிற்கிறது என்று ஆராய்ந்தவர்களும் இதையே சொல்கிறார்கள்: வேலைக்குத் திரும்பிய சில வாரங்களில் பெரும்பாலும் அது கரைந்துவிடுகிறது. ஏற்காட்டின் மேல் குறை சொல்ல ஒன்றுமில்லை. திரும்பி வந்த இடத்தில் எதுவும் மாறவில்லை, அவ்வளவுதான்.

அதனால் முதலில் இந்தப் பர்ன்அவுட் என்ன என்று பார்த்துவிடுவோம். மன அழுத்தம் எல்லோருக்கும் வரும். அதிகாரிகள் பள்ளிக்கு ஆண்டாய்வுக்கு வருகிறார்கள் என்றால் நெஞ்சு படபடக்கும், முந்தின இரவு சரியாகத் தூக்கம் வராது. ஆய்வு முடிந்த அன்று அடித்துப் போட்டதுபோல் தூங்குவோம். அழுத்தத்துக்கு ஒரு முடிவு இருக்கிறது. அந்த முடிவே வராமல், ஒன்றின் மேல் ஒன்றாக ஏறிக்கொண்டே மாதக்கணக்கில் போனால் உண்டாவதுதான் பர்ன்அவுட். 1974-ல் அமெரிக்க உளவியலாளர் ஹெர்பர்ட் ஃப்ராய்டன்பெர்கர், இலவச மருத்துவ மையங்களில் தொண்டு செய்தவர்களிடம் இதைக் கண்டு எழுதினார். 1981-ல் கிறிஸ்டினா மாஸ்லாக், சூசன் ஜாக்சன் இருவரும் இதை அளக்க ஒரு வினாப்பட்டியல் வெளியிட்டார்கள். உலக சுகாதார நிறுவனத்தின் நோய்ப் பட்டியலின் பதினோராம் பதிப்பு 2022 ஜனவரியில் நடைமுறைக்கு வந்தது. அதில் பர்ன்அவுட் ஒரு நோயாகச் சேர்க்கப்படவில்லை. சரிவரக் கையாளப்படாத பணியிட அழுத்தத்தால் வரும் நிலை என்றே குறிக்கப்பட்டிருக்கிறது. காரணம் பணியிடத்தில் இருக்கிறது என்று அவர்களே சொல்லிவிட்டார்கள். "எனக்குத்தான் தெம்பு இல்லை" என்று குமைபவர்கள் இதை மனதில் வைத்துக்கொள்வது நல்லது.

அடையாளம் மூன்று. முதலாவது, உறிஞ்சி எடுத்த மாதிரியான களைப்பு. எட்டு மணி நேரம் தூங்கி எழுந்தாலும் காலை வழிபாட்டுக் கூட்டத்தில் நிற்கும்போதே எப்போது உட்காரலாம் என்று இருக்கும். இரண்டாவது, ஒட்டாத மனசு. பேர் சொல்லிக் கூப்பிட்ட பிள்ளைகள் "அந்த கடைசி பெஞ்ச் கும்பல்" ஆகிவிடுவார்கள். புதிதாக வந்த ஆசிரியர் ஆர்வமாக ஏதாவது சொன்னால் "நாங்களும் இப்படித்தான் ஆரம்பிச்சோம்" என்று ஒரு நக்கல் வாயிலிருந்து தானாக வரும். மூன்றாவது, எது செய்தும் பிரயோஜனமில்லை என்ற நினைப்பு. 35 பேர் தேறி 2 பேர் தவறினால், அந்த இரண்டு மட்டுமே இரவில் கண்முன் நிற்கும். களைப்பு மட்டும் இருந்தால் அது களைப்புதான். மூன்றும் சேர்ந்து மாதக்கணக்கில் நீடித்தால் யோசிக்க வேண்டும். பலருக்கு இரண்டாவது அறிகுறி வந்தது தங்களுக்கே தெரிவதில்லை; வீட்டில் இருப்பவர்களுக்கும் பிள்ளைகளுக்கும்தான் முதலில் தெரிகிறது.

உடம்புக்குள் நடப்பது சிக்கலான விஷயமில்லை. சீண்டல் வந்தவுடன் அட்ரினலின் சுரந்து இதயத்துடிப்பை ஏற்றுகிறது, பின்னாலேயே கார்டிசால் வந்து உடம்பை உஷார் நிலையில் வைக்கிறது. சீண்டல் போனதும் இரண்டும் தணிய வேண்டும். எட்டு பீரியட், நடுவில் பெற்றோர் ஒருவரின் சத்தம், மாலையில் ஸ்பெஷல் கிளாஸ், இரவு ஒன்பதரைக்கு "உடனே விவரம் அனுப்பவும்" என்றொரு செய்தி என்று போனால் தணிய நேரமே கிடைப்பதில்லை. விளைவு நெஞ்செரிச்சலாக, கழுத்து இறுக்கமாக, அதிகாலை மூன்று மணிக்கு விழிப்பாக வந்து நிற்கும். தினம் அடைக்க வேண்டிய சின்னக் கடனை அடைக்காமல் விட்டு, மே மாதம் மொத்தமாக அடைத்துக்கொள்கிறேன் என்பது கந்துவட்டிக் கணக்கு. அசல் குறையாது.

ஆசிரியர்களுக்கு இது கூடுதலாக வருவதற்கு வேலையின் அளவு ஒரு காரணம்தான். இன்னொன்று முகம். 10-ஏ வகுப்பில் ஒருவன் எதிர்த்துப் பேசிய கோபத்தை வாசலிலேயே விட்டுவிட்டு, அடுத்த நிமிடம் 6-சி-யில் சிரித்த முகத்தோடு நுழைய வேண்டும். உள்ளே ஒன்று, வெளியே ஒன்று என்று ஒரு நாளில் பலமுறை மாற்றுவதே தனி உழைப்பு. அதற்குச் சம்பளப் பட்டியலில் இடமில்லை, டைம் டேபிளிலும் இடமில்லை.

மருந்து தேடுவதற்கு முன் எங்கே வலிக்கிறது என்று பார்க்க வேண்டும். மாஸ்லாக்கும் மைக்கேல் லைட்டரும் ஆறு இடங்களைச் சொல்கிறார்கள்: வேலைப் பளு, தன் வேலை மேல் தனக்கிருக்கும் பிடி, கிடைக்கும் பலன், சக ஊழியர்களோடு உள்ள உறவு, நியாயம், மனசாட்சியோடு ஒத்துப்போதல். ஒரு தாளில் ஆறையும் எழுதி ஒவ்வொன்றுக்கும் பத்துக்கு எத்தனை என்று போட்டுப் பாருங்கள். பெரும்பாலோர் "பளு"வில்தான் மதிப்பெண் குறைவாக வரும் என்று நினைத்து உட்காருவார்கள். கடைசியில் குறைவது "நியாயம்" ஆக இருக்கலாம். வராத ஆசிரியரின் வகுப்பைப் பார்க்கும் சப்ஸ்டிட்யூஷன் எப்போதும் ஒரே ஆளுக்கே விழுகிறது, ஒரே ஆளுக்கே வாக்காளர் பட்டியல் வேலை வருகிறது என்பது பளுவைவிட ஆழமாகக் குத்தும். வலி நியாயத்தில் இருக்கும்போது யோகா வகுப்பில் சேர்ந்தால் யோகா நன்றாக வரும். வலி அப்படியே இருக்கும்.

பளுதான் பிரச்சினை என்றால், அதில் பெரும்பகுதி கரெக்‌ஷன். இதைக் கொஞ்சம் நிதானமாகவே பார்ப்போம்.

ஓர் ஆங்கில ஆசிரியர், இரண்டு பிரிவு, பிரிவுக்கு 42 பிள்ளைகள். வாரம் ஒரு கட்டுரை நோட்டு. நோட்டுக்கு 4 நிமிடம் என்றால் 84 நோட்டுக்கு 336 நிமிடம், அதாவது ஐந்தரை மணி நேரத்துக்கு மேல். வாரத்துக்கு 10 லீஷர் பீரியட், 40 நிமிடம் வீதம் 400 நிமிடம். அதில் பாதி சப்ஸ்டிட்யூஷனிலும், பள்ளி விவரங்களை ஏற்றும் எமிஸ் இணையதளப் பதிவிலும் போய்விட்டால் மிச்சம் 200 நிமிடம். மீதி 136 நிமிட வேலை கட்டைப் பையில் ஏறி வீட்டுக்கு வருகிறது. ஞாயிற்றுக்கிழமை கெடுவது இப்படித்தான். ஆசிரியர் சோம்பேறியாக இருந்ததால் கெடவில்லை, கணக்கே உதைக்கிறது.

இந்தக் கணக்கில் மாற்றக்கூடிய எண் ஒன்றுதான்: அந்த 4 நிமிடம். எல்லா நோட்டிலும் எல்லாப் பிழையையும் சிவப்பு மையால் திருத்துவது பார்க்க உழைப்பாகத் தெரியும். ஆனால் பக்கம் முழுக்கச் சிவப்பாக வந்த நோட்டை எந்தப் பிள்ளையும் வரி வரியாகப் படிப்பதில்லை, மூடி வைத்துவிடுகிறது. இந்த வாரம் வினைச்சொல்லின் காலம் மட்டும், அடுத்த வாரம் எழுத்துப்பிழை மட்டும் என்று ஒன்றை எடுத்துக்கொள்ளுங்கள். எடுத்துக்கொண்டதைப் பிள்ளைகளிடமும் சொல்லிவிடுங்கள். சரியான விடையை நீங்கள் எழுத வேண்டாம். பிழை உள்ள வரியின் ஓரத்தில் ஒரு குறி போட்டால் போதும். திருத்துவது அவர்கள் வேலை. நோட்டுக்கு ஒன்றரை நிமிடத்தில் முடியும். 84 நோட்டுக்கு 126 நிமிடம். 21 நோட்டாக நான்கு கட்டாகப் பிரித்தால் ஒரு கட்டு சுமார் 32 நிமிடம், ஒரு லீஷர் பீரியடுக்குள் அடங்கும். முழுத் திருத்தம் மாதம் ஒருமுறை போதும். இதைத் தொடங்கும் முன் ஹெச்.எம்.மிடம் முறையைச் சொல்லி ஒப்புதல் வாங்கிவிடுங்கள். ஆண்டாய்வில் "நோட்டு சரியா பார்க்கல" என்று பேர் வந்தால் திரும்பப் பழைய முறைக்கே ஓடுவீர்கள். பெரும்பாலும் இந்த மாற்றம் தோற்பது அந்த இடத்தில்தான்.

தேர்வுத் தாள் பண்டலுக்கு வேறு முறை. ஒரு தாளை முழுதாக முடித்து அடுத்த தாளுக்குப் போகாதீர்கள். எல்லாத் தாளிலும் ஒரு மதிப்பெண் பகுதி, பிறகு எல்லாவற்றிலும் அடுத்த வினா என்று வினாவாரியாகப் போங்கள். விடைக்குறிப்பு மனதில் பதிந்துவிடுவதால் வேகம் கூடும், ஒருவருக்கு ஒரு மாதிரி இன்னொருவருக்கு வேறு மாதிரி மதிப்பெண் விழுவதும் குறையும். கூட்டல் மட்டும் அன்றைக்கே செய்யாமல் மறுநாள் காலையில், புதுக் கண்ணோடு.

அடுத்த தொல்லை போன். பள்ளிக் குழு, வட்டாரக் குழு, பெற்றோர் குழு, பாட ஆசிரியர் குழு என்று ஒருவருக்கு நான்கைந்து வாட்ஸ்அப் குழுக்கள். மேலிடத்துக் குழுவை நம்மால் ஒன்றும் செய்ய முடியாது. பெற்றோர் குழு நம் கையில் இருக்கிறது. அதில் நிர்வாகிகள் மட்டும் செய்தி அனுப்பும்படி அமைத்துவிட்டு, ஒரே ஒரு வரி போட்டுவிடுங்கள்: "மாலை 6 மணிக்கு மேல் வரும் செய்திகளுக்கு மறுநாள் காலை பதில் வரும். அவசரம் என்றால் போன் செய்யுங்கள்." கூப்பிடச் சொன்னால் எல்லோரும் கூப்பிடுவார்களே என்ற பயம் வரும். எழுதுவது சுலபம், கூப்பிடக் கொஞ்சம் யோசிப்பார்கள். உண்மையான அவசரம்தான் பெரும்பாலும் வரும். இரண்டு வாரம் நீங்களே இந்த விதியை மீறாமல் இருக்க வேண்டும். இரவு பத்து மணிக்கு ஒருமுறை பதில் போட்டுவிட்டால் விதி செத்தது.

மேலிடம் கேட்கும் விவரங்களைக் கவனித்தால் திரும்பத் திரும்ப வருவது அதேதான்: வகுப்புவாரி ஆண், பெண் எண்ணிக்கை, இனவாரி எண்ணிக்கை, ஆதார், வங்கிக் கணக்கு, இடைநின்றவர், காலை உணவு சாப்பிடுவோர். மாதத்தின் முதல் சனிக்கிழமை அரை மணி நேரம் ஒதுக்கி இதை ஒரே தாளில் புதுப்பித்துப் படம் எடுத்துப் போனில் வைத்துக்கொண்டால், "உடனே" என்று வரும் பாதிச் செய்திகளுக்கு நின்ற இடத்திலேயே பதில் போய்விடும்.

உடம்பு விஷயத்தில் ஆசிரியர்கள், முக்கியமாக ஆசிரியைகள், வெளியே பேசாத ஒன்று இருக்கிறது. கழிப்பறை சரியில்லை, போக நேரமும் இல்லை என்பதற்காகக் காலையிலிருந்து தண்ணீரே குடிக்காமல் இருப்பது. சேலத்து வெயிலில் மார்ச், ஏப்ரலில் இப்படி இருந்தால் மதியம் தலைவலி வரும், எரிச்சல் வரும், சிறுநீர்த் தொற்று வரும். அந்த எரிச்சல் ஐந்தாவது பீரியட் பிள்ளைகள் மேல் இறங்கும். ஒரு லிட்டர் பாட்டிலை இடைவேளைக்குள் பாதி, மதியத்துக்குள் மீதி என்று காலி செய்வதும், ஆசிரியைகளுக்குத் தனிக் கழிப்பறை வேண்டும் என்று எல்லோருமாக எழுதிக் கையெழுத்துப் போட்டுக் கொடுப்பதும் பர்ன்அவுட்டுக்கான மருந்துதான், சிரிக்க வேண்டாம்.

குரலும் அப்படித்தான். ஐம்பது பேரின் சத்தத்துக்கு மேல் கத்தி அடக்க முயன்றால் குரல்வளை வீங்கும். இரண்டு தட்டு, ஒரு நிறுத்தம், ஒரு தட்டு என்று கைதட்டும் பழக்கத்தை வகுப்புக்குச் சொல்லிக்கொடுத்தால் கத்த வேண்டியிருக்காது. குரல் கம்மினால் கிசுகிசுத்துப் பேசாதீர்கள், அதுவும் குரல்வளைக்குச் சிரமம்தான். பேச்சையே குறைப்பது நல்லது. மூன்று வாரத்துக்கு மேல் கம்மல் போகவில்லை என்றால் காது மூக்கு தொண்டை மருத்துவரைப் பாருங்கள்.

காபியை விடச் சொல்லவில்லை, இந்த மாவட்டத்தில் அப்படிச் சொன்னால் அடிக்க வருவார்கள். காஃபீனில் பாதி உடம்பை விட்டுப் போகவே சுமார் ஐந்து மணி நேரம் ஆகிறது. மாலை ஐந்து மணிக் காபியில் பாதி இரவு பத்து மணிக்கும் ரத்தத்தில் இருக்கும். கடைசிக் காபியை மூன்று மணி இடைவேளையோடு நிறுத்துங்கள்.

பள்ளியை விட்டுக் கிளம்பும் முன் ஐந்து நிமிடம். குறிப்பேட்டில் மூன்று வரி: இன்று முடிந்தது, பாக்கி நிற்பது, நாளை முதல் வேலை. முடிக்காத வேலை மனசில் சுற்றிக்கொண்டே இருக்கும். நாளை எத்தனை மணிக்குச் செய்வோம் என்று எழுதிவிட்டால் சுற்றல் குறையும். ஐந்து ரோட்டு நெரிசலில் வண்டியில் நிற்கும்போதோ அம்மாபேட்டை பஸ்ஸிலோ மூச்சை நான்கு எண்ணி இழுத்து ஆறு எண்ணி விடுங்கள். நிமிடத்துக்கு ஆறு மூச்சு, மூன்று நிமிடம். விடும் மூச்சு நீளமாக இருந்தால் இதயத்துடிப்பு இறங்கும்.

மலை மேல் வேலை செய்பவர்களின் கதை வேறு. சேலத்தில் குடியிருந்து தினம் இருபது கொண்டை ஊசி வளைவு ஏறி இறங்குபவர்களுக்குப் பயணமே பாதி உயிரை எடுக்கும். அந்த பஸ்ஸில் நோட்டுத் திருத்தலாம் என்று யாரும் நினைக்க மாட்டார்கள், நினைத்தால் முதல் ஐந்து வளைவுக்குள் வயிறு பதில் சொல்லிவிடும். கண்ணை மூடிக்கொள்வதற்கான நேரம் அது. ஏற்காட்டிலிருந்து உள்ளே தள்ளியிருக்கும் சிற்றூர்களின் ஓராசிரியர், ஈராசிரியர் பள்ளிகளில் பிரச்சினை பளுவைவிடத் தனிமை. ஒருவர் லீவு போட்டால் மற்றவர் ஐந்து வகுப்பையும் ஒரே அறையில் வைத்துப் பார்க்க வேண்டும். காபிப் பழம் பறிக்கும் மாதங்களில் பெற்றோரோடு பிள்ளைகளும் தோட்டத்துக்குப் போய் வருகை குறைந்தால், அதுவும் தன் தோல்வி என்று ஆசிரியர் எடுத்துக்கொள்கிறார். இவர்கள் தங்கள் வேலையை அளக்கும் கோலை மாற்றிக்கொள்ள வேண்டும். வந்த பிள்ளை ஜூனில் எங்கே இருந்தது, இப்போது எங்கே இருக்கிறது என்று பிள்ளைக்கு ஒரு வரி வீதம் மாதாமாதம் எழுதி வையுங்கள். "எது செய்தும் பிரயோஜனமில்லை" என்ற நினைப்புக்கு அந்த நோட்டுதான் எதிர்ச்சாட்சி. சுற்றுவட்டாரப் பள்ளி ஆசிரியர்கள் கூடும் குறுவளமையக் கூட்டத்துக்குப் போகும் நாளில் இன்னொரு மலைப்பள்ளி ஆசிரியரைப் பிடித்து, வாரம் ஒரு நாள் போனில் பேசுவது என்று பேசி வைத்துக்கொள்ளுங்கள். குறை சொல்லிப் புலம்ப இருபது நிமிடம், அப்புறம் ஒரே ஒரு பாட யோசனை.

பொறுப்பு கூடும்போது ஹெச்.எம்.மிடம் பேசுவதற்கும் ஒரு முறை உண்டு. "என்னால முடியாது சார்" என்றால் பிடிவாதமாகத் தெரியும். வாயை மூடிக்கொண்டு எடுத்துக்கொண்டால் அடுத்ததும் உங்கள் தலையில்தான். "சார், கலைத்திருவிழா நான் பார்த்துக்கிறேன். அதுவரைக்கும் ரெண்டு வாரம் 9-பி ஸ்பெஷல் கிளாஸ வேற யாருக்காச்சும் மாத்திக் கொடுங்க" என்று கேளுங்கள். ஒன்று வந்தால் ஒன்று போக வேண்டும், எது போக வேண்டும் என்பதையும் நீங்களே சொல்ல வேண்டும். தனியார் பள்ளியில் இந்தப் பேச்சுக்கு இடம் குறைவு. கோடை விடுமுறையில் அட்மிஷனுக்கு வீடு வீடாகப் போகச் சொல்வதும், அசல் சான்றிதழை வாங்கி வைத்துக்கொள்வதும் பல இடங்களில் நடக்கிறது. அங்கே ஒருவர் தனியாகப் போய் நிற்காதீர்கள். நான்கு பேர் சேர்ந்து, ஒரே ஒரு கோரிக்கையோடு போங்கள். அதுவும் பலிக்கவில்லை என்றால் வேறு பள்ளி தேடுவதை ஓடிப்போவதாக எண்ண வேண்டியதில்லை. மூச்சுப் பயிற்சி அந்த நிர்வாகத்தைத் திருத்தப் போவதில்லை.

அரசுப் பள்ளி ஆசிரியருக்கு ஆண்டுக்கு 12 நாள் சி.எல். (தற்செயல் விடுப்பு) உண்டு. அடுத்த ஆண்டுக்கு அது போகாது. ஆனாலும் பலர் உடம்பு விழுந்த பிறகும் கல்யாணம் காதுகுத்துக்கும்தான் எடுக்கிறார்கள். பொங்கல் முடிந்ததிலிருந்து பொதுத்தேர்வு முடியும்வரைதான் வருஷத்தின் கடினமான பகுதி. அதற்குள் ஒன்றிரண்டு நாளை முன்கூட்டியே குறித்து வைத்துக்கொள்ளுங்கள். அந்த நாளில் ரேஷன் கடை, பேங்க், வீடு கழுவுதல் என்று அடைத்துவிட்டால் அது லீவு கணக்கில் வராது.

இத்தனையும் செய்யும் முன் ஒரு ரத்தப் பரிசோதனை. ரத்தசோகை, தைராய்டு குறைபாடு, சர்க்கரை, பி12 குறைவு எல்லாம் இதே களைப்பைத் தரும். பெண்களுக்கு ஹீமோகுளோபின் 12-க்குக் கீழ் இருந்தால் அது ரத்தசோகை. அதைக் கவனிக்காமல் டைம் டேபிளைத் திருத்தி ஆகப்போவது ஒன்றுமில்லை. ரத்த அழுத்தமும் பார்த்துவிடுங்கள்.

பர்ன்அவுட்டும் மனச்சோர்வு நோயும் தூரத்தில் ஒரே மாதிரி தெரியும். பர்ன்அவுட் வேலையை ஒட்டியே இருக்கும். தம்பி பிள்ளை வீட்டுக்கு வந்தால் சிரிப்பு வரும், மாம்பழ சீசன் வந்தால் வாய் ஊறும். எதிலும் நாட்டமில்லை, பிடித்த சாப்பாடும் பிடித்த ஆளும்கூட வேண்டாம் என்ற நிலை இரண்டு வாரத்துக்கு மேல் நாள் முழுக்க இருந்தாலோ, செத்துப்போனால் தேவலை என்ற எண்ணம் ஒருமுறை வந்தாலோ தள்ளிப்போடாமல் மருத்துவரைப் பாருங்கள். டெலி மானஸ் என்ற அரசு மனநல உதவி எண்ணான 14416-ல் எந்த நேரமும் இலவசமாகத் தமிழில் பேசலாம். சேலம் மோகன் குமாரமங்கலம் அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையில் மனநலப் பிரிவு இருக்கிறது. போகும்போது கடந்த இரண்டு வாரம் எத்தனை மணிக்குப் படுத்தீர்கள், எத்தனை மணிக்கு விழிப்பு வந்தது, எத்தனை வேளை சாப்பிட்டீர்கள் என்று ஒரு தாளில் எழுதி எடுத்துப் போங்கள். மருத்துவர் முன் உட்கார்ந்ததும் எல்லாம் மறந்து "ஒண்ணுமில்ல டாக்டர், கொஞ்சம் டயர்ட்" என்று சொல்லிவிட்டு எழுந்து வருகிறவர்கள் நிறையப் பேர். கூட ஒருவரை அழைத்துப் போனால் விட்டுப்போனதை அவர் சொல்லுவார்.